எந்தச் சுவருக்கு எந்த சிலிகான்?

திருநெல்வேலி பேட்டையில் சிறிய பெயிண்ட் தயாரிப்புக் கூடம் ஒன்றை நடத்திவருகிறேன். எமல்ஷன், பிரைமர், பட்டி, மரத்துக்கான வார்னிஷ் என்று எல்லாமே தண்ணீரில் கலக்கும் வகைகள். வாசலுக்கு வரும் கடைக்காரர்களும் பெயிண்டர்களும் கொத்தனார்களும் தவறாமல் கேட்பது இதைத்தான்: "சிலிகான் போட்ட பெயிண்ட் இருக்கிறதா?" மேலப்பாளையத்திலிருந்து வரும் மூத்த பெயிண்டர் ஒருவர் அதற்கும் மேலே போய், "சிலிகானைக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றிக் கொடும்மா, சுவரில் தண்ணீர் ஒட்டவே கூடாது" என்பார். "எந்த சிலிகானை ஊற்றட்டும் அண்ணாச்சி?" என்று நான் கேட்டால், விலையை ஏற்றுவதற்குப் பீடிகை போடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

என் அலமாரியில் சிலிகான் குடும்பத்துச் சரக்குகள் பல இருக்கின்றன. ஒன்றை ஊற்றினால் பெயிண்டில் நுரை அடங்கும். இன்னொன்றை ஊற்றினால் தண்ணீர் மெழுகுப் பரப்பின் மேலும் பரவிப் படியும். மற்றொன்று அதே தண்ணீரைச் சுவரில் ஒட்டவிடாமல் உருட்டிவிடும். பரப்புவதும் சிலிகான்தான், விரட்டுவதும் சிலிகான்தான். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊற்றினால் நல்ல பெயிண்டும் பாழாகும். பெயரைச் சொல்லிக் கேட்காமல், சுவரைச் சொல்லி, வேலையைச் சொல்லிக் கேளுங்கள் என்று எல்லோரிடமும் மன்றாடிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெரியவருக்கும், என்னைப் போலச் சிறிய அளவில் தயாரிப்பவர்களுக்கும் விளக்கமாக எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

சிலிகானின் மூலப்பொருள் மணல். மணலில் உள்ள சிலிக்காவை மின் உலையில் கரியோடு சேர்த்து உருக்கிச் சிலிக்கான் தனிமத்தை எடுக்கிறார்கள். அதன் மேல், செம்பு வினையூக்கியாக இருக்க, மீதைல் குளோரைடு வாயுவைச் செலுத்திக் கிடைக்கும் பொருளைத் தண்ணீரோடு வினைபுரியச் செய்தால், சிலிகான் என்று நாம் சொல்லும் சிலோக்சேன் சங்கிலிகள் பிறக்கின்றன. இந்த வழியை 1940-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் யூஜின் ரோச்சோ கண்டறிந்தார். அதற்குப் பிறகுதான் சிலிகான் தொழிற்சாலைச் சரக்கானது. சங்கிலியின் முதுகெலும்பில் சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி நிற்கின்றன. இந்தப் பிணைப்பு கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையிலான பிணைப்பைவிட வலுவானது. எங்கள் சித்திரை வெயிலில் சாதாரண பிசின்கள் வெளிறிப் பொடியாகும்போதும் இது தாக்குப்பிடிக்கிறது. முதுகெலும்பின் பக்கவாட்டில் எந்தத் தொகுதியை மாட்டுகிறோம் என்பதை வைத்தே அது நுரையைக் கொல்லுமா, தண்ணீரைப் பரப்புமா, விரட்டுமா என்பது முடிவாகிறது.

ஓர் எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் விளங்கும். பரப்பு இழுவிசை என்பது, பரவாமல் துளியாகச் சுருண்டு நிற்கத் திரவம் காட்டும் இழுப்பு. தண்ணீருக்கு அது மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். சிலிகான் எண்ணெய்க்கு அது 20, 21 அளவில்தான். ஒரு திரவம் ஒரு பரப்பின் மேல் தானாகப் படர வேண்டுமானால் திரவத்தின் இழுவிசை அந்தப் பரப்பின் இழுவிசையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். டர்பன்டைன் கலந்த பழைய எனாமல் பெயிண்டுகளுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. தண்ணீருக்கு மாறியவுடன் ஆரோக்கியம் கிடைத்தது, வாடை போனது. கூடவே இந்த 72-ம் வந்து சேர்ந்தது.

முதலில் நுரை. இதைப் பற்றி நான் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறிய கூடங்களில் பெயிண்ட் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். டைட்டானியம் டை ஆக்சைடையும் சுண்ணாம்புக்கல் பொடியையும் தண்ணீரில் கொட்டி, பல் வைத்த தட்டு வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் அரைக்கும்போது சுழிக்குள் காற்று இறங்குகிறது. தண்ணீர் மட்டும் என்றால் குமிழி உடனே உடைந்துவிடும். ஆனால் பொடியைப் பிரித்து வைப்பதற்கு நாம் ஊற்றும் திரவமும், பொடிகளைப் பிடித்துவைக்கும் பிசினான அக்ரிலிக் எமல்ஷனில் ஏற்கெனவே இருக்கும் சோப்புத் தன்மையுள்ள பொருள்களும் ஒவ்வொரு குமிழிக்கும் சுவர் கட்டிக் காப்பாற்றுகின்றன. பிறகு கெட்டித்தன்மைக்காக செல்லுலோஸ் சேர்த்தவுடன் குமிழிகள் உள்ளேயே சிறைப்படுகின்றன. அந்தப் பெயிண்டை ரோலரில் அடித்தால் காய்ந்த பின் சுவர் முழுவதும் ஊசித்துளைகள். வெளிச்சுவரில் ஒவ்வொரு ஊசித்துளையும் மழைக்குத் திறந்த வாசல்.

எங்களிடம் 100 மில்லி பிடிக்கும் எவர்சில்வர் கிண்ணம் ஒன்று இருக்கிறது. மூடியின் நடுவில் சிறு துளை. கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பி மூடியை அழுத்தினால் மிச்சப் பெயிண்ட் துளை வழியே பிதுங்கி வரும். அதைத் துடைத்துவிட்டு எடை போட வேண்டும். 138 கிராம் காட்ட வேண்டிய எமல்ஷன் 125 கிராம்தான் காட்டுகிறது என்றால் அதில் நூற்றுக்கு ஒன்பது பங்குக்கு மேல் காற்று அடைந்திருக்கிறது. பெயிண்ட் லிட்டர் கணக்கில் விற்கப்படும் பொருள். காற்றை அளந்து விற்பதைவிட அந்த வாளியைத் திரும்பத் தொட்டியில் கொட்டுவது மேல். இந்தக் கிண்ணத்தை வாங்காமல் பெயிண்ட் தயாரிப்பில் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நுரையை அடக்குவதற்கான டீஃபோமரில், தண்ணீரோடு சேராத சிலிகான் எண்ணெயும், தண்ணீரை ஏற்காதபடி பதப்படுத்திய மிக நுண்ணிய சிலிக்காத் துகளும் இருக்கும். எண்ணெய்த் துளி குமிழியின் சுவருக்குள் நுழைந்து பரவுகிறது. சிலிக்காத் துகள் அந்த மெல்லிய சுவரைக் குத்திக் கிழிக்கிறது. இது வேலை செய்ய வேண்டுமானால் பெயிண்டோடு முழுதாக ஒத்துப்போகவும் கூடாது, முழுதாக முறைத்துக்கொள்ளவும் கூடாது. ஒத்துப்போய்விட்டால் கரைந்து மறைந்துவிடும், நுரை அப்படியே நிற்கும். முறைத்துக்கொண்டால் துளிகள் பெரிதாகி, பூசிய பரப்பில் சின்னச் சின்ன வட்டக் குழிகளை உண்டாக்கும். சோதிப்பது எளிது. ஒரு கண்ணாடித் தகட்டில் பெயிண்டை மெல்லிய பட்டையாக இழுத்துவிட்டு, காய்வதற்குள் டியூப் லைட்டுக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். குழி இருந்தால் ஒளி அங்கே வளையமாக உடையும். குழியின் நடுவில் பெயிண்டே இருக்காது, கண்ணாடி தெரியும். விளிம்பில் பெயிண்ட் சற்றே மேடு தட்டியிருக்கும்.

டீஃபோமருக்கு, மொத்த எடையில் நூற்றுக்கு 0.1 முதல் 0.5 பங்கு வரை என்பது வழக்கமான அளவு. 250 கிலோ போட்டால் 0.2 பங்கு என்பது அரைக் கிலோ. இதை மூடியால் கணக்குப் பார்த்து ஊற்றுபவர்களைக் கண்டால் எனக்குப் பதறும். பாதியை அரைக்கும் கட்டத்திலும், மீதியை அக்ரிலிக் எமல்ஷன் சேர்த்து மெதுவாகக் கலக்கும் கட்டத்திலும் விடுவது என் வழக்கம். அரைக்கும்போது தட்டின் வேகம் துளிகளை நுணுக்கிவிடும் என்பதால் அங்கே சற்று முரட்டு வகையைப் போடலாம். கடைசியில் சேர்ப்பது எளிதாகக் கலக்கும் வகையாக இருக்க வேண்டும். சேர்த்தவுடன் நுரை அடங்குவதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 50 டிகிரி சூட்டில் இரண்டு வாரம் வைத்து, பிறகு குலுக்கி, மறுபடி எடை பாருங்கள். பங்குனியில் தகரக் கூரைக் கடைகளில் பெயிண்ட் வாளிகள் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சோதனையின் அருமை தெரியும்.

அடுத்தது பரப்பும் வேலை. செங்கோட்டை, தென்காசிப் பக்கம் பழைய தேக்குக் கதவுகளுக்குத் தண்ணீர் வார்னிஷ் கேட்டு வருகிறார்கள். தலைமுறை தலைமுறையாக எண்ணெய் தேய்த்துத் துடைத்த கதவுகள் அவை. சோப்பும் உப்புத்தாளும் போட்டுச் சுத்தம் செய்த பிறகும் மரத்தின் ரேகைக்குள் எண்ணெய் ஒளிந்திருக்கும். சாதாரண தண்ணீர் வார்னிஷ் அந்த இடங்களில் விலகி விலகி நிற்கும். தண்ணீரை விரும்பும் பாலிஈத்தர் தொகுதியைப் பக்கவாட்டில் மாட்டிய சிலோக்சேனை நூற்றுக்கு 0.2, 0.3 பங்கு போட்டால் அதே வார்னிஷ் ரேகைக்குள் இறங்கிப் படிகிறது. எண்ணெயை அது நீக்காது. சுத்தம் செய்யும் வேலையைக் குறைக்கவும் முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வாழைக்கு மருந்து தெளிப்பவர்கள் ஒட்டும் திரவம் சேர்ப்பார்கள். மெழுகு பூசியதுபோன்ற இலையில் மருந்துத் துளி உருண்டு விழாமல் பரவ வேண்டும் அல்லவா? அந்தத் திரவங்களில் சில, டிரைசிலோக்சேன் என்ற சிலிகான் வகை. ஒரு சொட்டு விட்டால் தண்ணீர் இலை முழுவதும் ஓடிப் பரவுவதைப் பார்க்க ஆச்சரியமாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, பெயிண்டிலும் இதையே ஊற்றலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம். அது நடுநிலையான தண்ணீரில், கலந்தவுடன் தெளிப்பதற்கானது. அமிலமோ காரமோ ஏறினால் தண்ணீரே அதை அறுத்துவிடும். நம் எமல்ஷன்கள் எல்லாம் காரத்தன்மை உள்ளவை, பி.எச். 8-லிருந்து 9 வரை. வாளியில் மாதக்கணக்கில் இருப்பவை. பெயிண்டுக்கு என்று வாங்கும்போதும், பாலிஈத்தர் சிலிக்கானோடு கார்பன் வழியாக இணைந்திருக்கிறதா, ஆக்சிஜன் வழியாகவா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். கார்பன் வழி இணைப்புதான் தண்ணீரில் நிலைத்து நிற்கும்.

இந்தப் பரப்பும் சிலிகானைத்தான் சிலர் மழைக்குப் பாதுகாப்பு என்று நம்பி வெளிச்சுவர்ப் பெயிண்டில் கூடுதலாகப் போடுகிறார்கள். அது தண்ணீரை விரும்பும் பொருள். பூச்சுக்குள் தங்கி, முதல் மழையில் தண்ணீரை உள்ளே அழைத்துக்கொண்டு வரும்; சுவரில் வழவழப்பான கோடுகளாகவும் வடியும்.

வழுக்கலுக்கான வகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீண்ட சங்கிலியுள்ள சிலிகான் எமல்ஷனைத் தண்ணீர் எனாமலில் மிகச் சிறிதளவு சேர்த்தால் கீறல் விழுவது குறையும். ஜன்னல் கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு உரிவதும் குறையும். அளவு மீறினால் அடுத்த கோட்டிங் அதன் மேல் பிடிக்காது. தொழிற்கூடத்தில் இதைத் தொட்ட கையால் வேறெந்தத் தொட்டியையும் தொடக் கூடாது என்று எங்கள் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.

இனி வெளிச்சுவர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், ஜங்ஷன் எல்லாம் தண்ணீரில் நின்றன. வெள்ளம் வடிந்ததும் தைப்பொங்கல். சேறு படிந்த வீட்டில் எப்படிப் பொங்கலிடுவது என்று மக்கள் அவசர அவசரமாகப் பெயிண்ட் அடித்தார்கள். அந்த மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் செங்கல்லும் சிமெண்ட் பூச்சும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்திருந்தன. மாசி வெயில் ஏறியதும் அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியே வரப் பார்த்தது. தடிமனான, பளபளப்பான அக்ரிலிக் பூச்சு வழியை அடைத்துக்கொண்டது.

தெரிந்தவர் வீடு ஒன்றில் தார்சாவின் வெளிப்பக்கச் சுவர் முழுவதும் கொப்புளமாக இருந்தது. ஒன்றைச் சாவி முனையால் குத்தினேன். பெயிண்ட் ரப்பர்போல இழுபட்டுக் கிழிந்தது. உள்ளிருந்து தண்ணீர் விரலில் வழிந்து முழங்கை வரை ஓடியது. கிழிந்த துண்டின் உட்புறத்தில் வெள்ளை வெள்ளையாக உப்பு ஒட்டியிருந்தது; நகத்தால் சுரண்டினால் சன்னமான பொடியாக உதிர்ந்தது. அதே வீட்டின் புறவாசல் பக்கம், அங்கணத்தை ஒட்டிய சுவருக்குச் சுண்ணாம்பு மட்டுமே அடித்திருந்தார்கள். அது நிறம் மங்கியிருந்ததே தவிர ஒரு கொப்புளம்கூட இல்லை. மழையைத் தடுக்க வேண்டும், ஆவியை விட வேண்டும்: இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வதால்தான் சிலிகான் ரெசின் பெயிண்ட், அதாவது சிலிகான் பிசின் சேர்த்த பெயிண்ட் மேல் எனக்கு இவ்வளவு பற்று.

அதன் வேலை இப்படி: பொடிகளின் அளவைக் கூட்டி, பைண்டரால், அதாவது பொடிகளைப் பிடித்துவைக்கும் பிசினால், எல்லா இடைவெளிகளையும் அடைக்க முடியாத நிலைக்குக் கொண்டுபோகிறோம். பூச்சு முழுவதும் நுண்துளைகள் திறந்திருக்கும். சிலிகான் இல்லாமல் இப்படிச் செய்தால் அது மலிவான டிஸ்டெம்பர்; மழை பட்டவுடன் உறிஞ்சிக்கொள்ளும். சிலிகான் ரெசின் எமல்ஷனைப் போட்டால் துளைகளின் உட்சுவரில் அது படிகிறது. தண்ணீர் உள்ளே இழுபடாது, ஆவி தடையின்றிப் போகும். ஐரோப்பியத் தரத்தில் இதற்கு இரண்டு அளவுகள் உண்டு. தண்ணீர் உறிஞ்சுவதில் மிகக் குறைந்த வகுப்பு என்றால், ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் கிடந்தாலும் அரை லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது. ஆவி விடுவதில் மிக உயர்ந்த வகுப்பு என்றால், அந்தப் பூச்சின் தடை 14 சென்டிமீட்டர் அசையாத காற்றின் தடையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பெயிண்ட் வாங்கும்போது இந்த இரண்டு எண்களையும் கேளுங்கள். "சிலிகான் உள்ளது" என்ற பெரிய எழுத்தைவிட இவைதான் பேசும்.

நல்ல சிலிகான் ரெசின் பெயிண்டில் ரெசின் சிட்டிகைக் கணக்கில் வராது. அக்ரிலிக்குக்கு ஈடாக நிற்கும் பைண்டராக வரும். விலை ஏறுவது அதனால்தான். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சிலோக்சேன் எமல்ஷனைச் சாதாரண வெளிச்சுவர்ப் பெயிண்டில் சேர்ப்பது இடைப்பட்ட வழி. மழைத்துளி உருளும், புதுப் பெயிண்டில் சாரல் பட்டுக் கறையாவது குறையும். துளைகள் ஏற்கெனவே அடைபட்ட பூச்சு இதனால் ஆவியை விடத் தொடங்காது. அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததை நாம் காலங்காலமாகச் சொல்லிவந்தோம். ஜெர்மனியின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் அதை நுண்ணோக்கியில் பார்த்து, மெழுகோடு நுண்ணிய மேடுபள்ளமும் சேர்ந்தால்தான் அந்த விளைவு என்று காட்டினார். 1999-ல் அதைப் பின்பற்றி லோட்டுசான் என்ற சிலிகான் ரெசின் வெளிச்சுவர்ப் பெயிண்ட் அங்கே சந்தைக்கு வந்தது. வழவழப்பான பூச்சில் எவ்வளவு சிலிகான் ஊற்றினாலும் தாமரை இலை ஆகாது. மேலப்பாளையத்து அண்ணாச்சியிடம் நான் அடிக்கடி சொல்வது இதுதான்.

ஊருக்கு ஊர் தேவை மாறுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனியிலும் ஆடியிலும் சாரலைக் கிடைமட்டமாக வீசி மேற்குச் சுவரில் அறைகிறது. தென்காசி, பண்பொழி, குற்றாலம் பக்கத்து வீடுகளுக்கு மேற்குச் சுவரில் மட்டுமாவது சிலிகான் ரெசின் அடிக்கச் சொல்கிறேன். சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் மழையைவிடத் தேரி மண்தான் பிரச்சினை. வெயிலில் இளகும் ரப்பர் வகைப் பூச்சுகளில் அந்தச் செம்புழுதி பதிந்துவிடும், கழுவினாலும் போகாது. சிலிகான் ரெசின் சூட்டில் இளகாது என்பதால் புழுதி மேலோடு நின்று அடுத்த மழையில் போகிறது. உவரி, இடிந்தகரைப் பக்கம் உப்புக் காற்று. அங்கே சுவரைக் கழுவிக் காயவைக்காமல் எதை அடித்தாலும் வீண்.

கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த காரை பூசிய பழைய வீடுகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தச் சுவர் ஆவி விட்டே இத்தனை காலம் நின்றது. அதன் மேல் அக்ரிலிக் தோலைப் போர்த்தாதீர்கள். சுண்ணாம்பே போதும், அது பிடிக்கவில்லை என்றால் திறந்த துளையுள்ள சிலிகான் ரெசின் பெயிண்ட்.

வாங்கும்போது இன்னொன்றையும் கேட்க வேண்டும். சிலிகான் சரக்குகளில் டி4, டி5, டி6 எனப்படும் வளையச் சேர்மங்கள் எஞ்சியிருக்கும். 2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் இவற்றை மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. இவை குறைந்த வகைகள் கிடைக்கின்றன. கழுவிய வாளித் தண்ணீர் கடைசியில் தாமிரபரணிக்குத்தான் போய்ச் சேரும். அந்தத் தண்ணீரைத்தான் நாம் குடிக்கிறோம்.

கடைசியாக ஓதம். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குச் சுவர் நனைந்து, உப்புப் பூத்து, பெயிண்ட் பொரிந்து விழும் வீடுகளுக்கு எந்தப் பெயிண்டும் மருந்து இல்லை; சிலிகான் ரெசினும் இல்லை. தண்ணீர் அஸ்திவாரத்திலிருந்து ஏறுகிறது. இங்கே உதவும் சிலிகான் வேறு: சிலேன் கிரீம். தரைமட்டத்துக்குச் சற்று மேலே, செங்கல் வரிசைக்கு இடைப்பட்ட சாந்தில் 12 மில்லிமீட்டர் துளைகளைச் சுமார் 12 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வரிசையாகப் போட்டு, அதற்குள் கிரீமை நிரப்புகிறார்கள். அது சாந்துக்குள் ஊறிப் பரவி, நுண்துளைகளைத் தண்ணீர் ஏறாத துளைகளாக மாற்றுகிறது. உப்பேறிய பழைய பூச்சை ஓதம் ஏறிய மட்டத்துக்கு மேலேயும் ஓர் அடி வரை கொத்தி எடுத்துவிட வேண்டும். ஒன்பது அங்குலச் சுவர் உலர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் கல்யாணம் வருகிறது, பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டோம் என்று வருபவர்களுக்கு நான் பெயிண்ட் கொடுப்பதில்லை. தற்போதைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொள்ளுங்கள், சுவர் காய்ந்த பிறகு வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.